குழந்தையை எங்கே உட்கார வைத்துச் சோறு கொடுப்பது? மடி, தரை, ஹை சேர், பூஸ்டர்: ஓர் ஒப்பீடு

என் தங்கை கோவையில் இருக்கிறாள். மகனுக்கு ஒரு வயது இரண்டு மாதம். போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரிசையாக ஏழு படங்கள் அனுப்பினாள். எல்லாம் ஹை சேர், அதாவது பிள்ளையை உயரத்தில் உட்கார வைத்து ஊட்டும் நாற்காலி. கடைசியில் ஒரு வரி: "அக்கா, இதில் எது? இல்ல, பேசாம தரையிலேயே உட்கார வச்சிடட்டுமா? அத்தை அதுதான் நல்லதுன்னு சொல்றாங்க."

குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கும் வயதில் பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு ஊட்டி முடிப்பதற்குள் கீழே சொல்லும் அத்தனையையும், மேசையில் கவ்வும் இருக்கை ஒன்றைத் தவிர, ஏதாவது ஒரு கட்டத்தில் நான் பயன்படுத்திவிட்டேன். மூத்தவளுக்குச் செய்த தப்பை இளையவனுக்குத் திருத்தினேன் என்றும் சொல்லலாம். தங்கைக்கு அன்றிரவு எழுதிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

## வாங்கும் முன் எதையெல்லாம் பார்ப்பது

கலர், சக்கரம், டம்ளர் வைக்கும் குழி எல்லாம் அப்புறம். முதலில் கால்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சோதனை. சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து, கால் இரண்டையும் தொங்கவிட்டு, ஒரு தட்டு சாம்பார் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். நாலு வாய்க்குள் இடுப்பு முன்னே நழுவும், கால் எதையாவது தேடித் துழாவும். நமக்கே அப்படி என்றால், உட்காரப் பழகியே சில மாதங்கள் ஆன பிள்ளைக்கு எப்படி இருக்கும்? பாதம் எதன் மீதாவது ஊன்றியிருந்தால் உடம்பு ஆடாது; உடம்பு ஆடாவிட்டால் கை சோற்றையும் வாய் மெல்லுவதையும் பார்த்துக்கொள்ளும். நாற்காலியில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறத்தாழ 90 பாகையில் மடங்கியிருக்க வேண்டும் என்று குழந்தைகளுக்கான சிகிச்சையாளர்கள் சொல்வது இதற்காகத்தான். பத்து நிமிடத்தில் "இறக்கு, இறக்கு" என்று அடம் பிடிக்கும் பிள்ளைக்குப் பல நேரம் பசி அடங்கியிருக்காது. கால் தொங்கித் தொங்கி அலுத்திருக்கும்.

இரண்டாவது, முதுகு நிமிர்ந்திருப்பதும் தட்டு முழங்கை மட்டத்தில் இருப்பதும். சாய்ந்த நிலையில் சோறு மெல்லும் முன்பே தொண்டைக்கு வழுக்கிப் போய்ப் புரையேறும். தட்டு கழுத்து உயரத்தில் இருந்தால் பிள்ளைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

மூன்றாவது, வீட்டார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது. ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவைத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வயதுக்குள் வீட்டுச் சாப்பாட்டையே, காரம் குறைத்து, பிள்ளை சாப்பிடப் பழகிவிடும். அதை நம்மைப் பார்த்துத்தான் பழகும். அதனால் "எங்கள் வீட்டில் டைனிங் டேபிள் இருக்கிறது" என்பது பதில் ஆகாது. அதன்மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணியும் மாத்திரை டப்பாவும் ஊறுகாய் பாட்டிலும் இருக்க, குடும்பம் டி.வி. முன்னால் பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்றால், உங்கள் வீடு தரையில் சாப்பிடும் வீடு. கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.

மற்றவை சுருக்கமாக: கழுவ எவ்வளவு நேரம், விழுந்தால் எவ்வளவு உயரம், பகலில் பிள்ளையைத் தூக்கி உட்கார வைப்பது யார், எத்தனை மாதம் உழைக்கும். எடைக் கணக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் உள்ள நடு அளவு உதவும்: ஒரு வயதில் சுமார் 9 முதல் 9.5 கிலோ, இரண்டு வயதில் 12 கிலோவை ஒட்டி, மூன்று வயதில் 14 கிலோவை ஒட்டி.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் அட்டவணை. காரணங்கள் அதன் கீழே.

| எது | பாதத்துக்கு ஊன்றுதல் | கழுவும் வேலை | பெரிய ஆபத்து | எந்த வீட்டுக்கு |
|---|---|---|---|---|
| மடி, இடுப்பு | நம் தொடையில் வைத்தால் உண்டு | நம் புடவை, சட்டை | சூடான தட்டு கைக்கெட்டுவது | காய்ச்சல், பயணம், முதல் சில வாரம் |
| தரை | தரையே ஆதாரம் | ஒரு துடைப்பு | சூடான பாத்திரம், எழுந்து ஓடுவது | தரையில் சாப்பிடும் குடும்பம் |
| குட்டி நாற்காலி | உண்டு | குழாயடியில் கழுவலாம் | பின்னால் சாய்ந்து கவிழ்வது | சின்ன வீடு, வயதான பாட்டி |
| மெத்தை ஹை சேர் | மாதிரிக்கு மாதிரி மாறும் | மிக அதிகம் | உயரத்திலிருந்து விழுவது | மேசையில் சாப்பிடும், இடம் உள்ள வீடு |
| வெறும் பிளாஸ்டிக் ஹை சேர் | பலவற்றில் இல்லை | குறைவு | அதேதான் | மேசைக் குடும்பம், குறைந்த செலவு |
| பூஸ்டர் (பெரியவர் நாற்காலியில் கட்டும் குட்டி இருக்கை) | முக்காலி போட்டால் உண்டு | நடுத்தரம் | நாற்காலியோடு கவிழ்வது | கனமான மர நாற்காலி உள்ள வீடு |

## மடியும் இடுப்பும்

செலவில்லை, தேடி வாங்க வேண்டியதில்லை, பிள்ளைக்கு இதைவிடப் பிடித்த இடமும் இல்லை. காய்ச்சல் நாளிலும், பல் முளைக்கும் வாரத்திலும், ரயிலிலும், கல்யாண வீட்டிலும் மடிதான். பிள்ளையை நமக்கு முதுகு காட்டி உட்கார வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால், வாய்க்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். கவளம் வருவது அதற்கும் தெரியும்.

இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊட்டுவது வேறு கதை. மூத்தவளுக்கு ஒரு கிண்ணம் தயிர் சாதம் என்பது, எங்கள் வாசலிலிருந்து தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்த் திரும்பும் தூரம். வழியில் ஒரு நாய், இரண்டு ஆட்டோ, ஒரு முருங்கை மரத்துக் காக்கா. வாய் திறந்தது காக்காவுக்கு, சோற்றுக்கு அல்ல. மழை வந்த நாளில் தெருவுக்குப் போக முடியாமல் செல்போன் வந்தது. அதற்கப்புறம் காக்காவுக்கு வேலை போய்விட்டது. மடியின் மறைமுகச் செலவு இதுதான்: எவ்வளவு சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்று பிள்ளைக்கே தெரியாமல் உள்ளே போய்விடும், அம்மாவின் சோறு ஆறிப்போயிருக்கும், இடுப்பு வலி தனி.

ஒரு வயதுக்கு மேல் தினசரி ஏற்பாடாக மடியை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. நிலாச்சோறு மாதத்துக்கு ஒரு நாள் இருந்தால் அழகு.

## தரை

தங்கையின் மாமியார் சொன்னது பாதிக்கு மேல் சரி. தரையிலிருந்து யாரும் கீழே விழ முடியாது. தொங்க இடமில்லாததால் காலும் தொங்காது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், அப்பாவின் தட்டில் இருக்கும் பீன்ஸ் பொரியல் தன் தட்டிலும் இருப்பதைப் பிள்ளை பார்க்கும். இரண்டு நிமிடம் தரையைத் துடைத்தால் வேலை முடிந்தது. பாயில் ஊட்டினால் மட்டும் கோரை இடுக்கில் பருக்கை போய் மாட்டிக்கொள்ளும். அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் விரிப்பு போதும்.

ஆனால் ஒரு தப்பை எல்லோரும் செய்கிறோம். செல்லமாகப் பிள்ளைக்கு மணை போடுகிறோம், தட்டைத் தரையில் வைக்கிறோம். பிள்ளை இன்னும் இரண்டு அங்குலம் உயர்ந்துவிடுகிறது, தட்டு இன்னும் தூரமாகிவிடுகிறது. ஒவ்வொரு வாய்க்கும் குனிந்து, அள்ளி, நிமிர்வதற்குள் பாதிச் சோறு மடியில். மணையைப் பிள்ளைக்குப் போடாதீர்கள், தட்டுக்குப் போடுங்கள். பிள்ளை பாயில் சம்மணமிட்டு உட்காரட்டும், தட்டு அரைச் சாண் உயரத்தில் இருக்கட்டும். என் இளையவனுக்கு ஒரு மணையின்மேல் இன்னொன்றைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். சிந்துவது அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. சம்மணத்தில் முதுகு கூனினால் சுவரோரம் உட்கார வைத்து முதுகுக்குப் பின்னால் ஒரு கெட்டித் தலையணை வையுங்கள்.

மறைமுகச் செலவுகள் இரண்டு. ஒன்று, பெல்ட் இல்லை. இரண்டு வாய் வாங்கிக்கொண்டு ஓடும், திரும்பி வரும், மறுபடி ஓடும். வாயில் சோற்றோடு ஓடுவது புரையேறவும் தொண்டையில் அடைக்கவும் நேர்வழி. எழுந்தால் சாப்பாடு பாயிலேயே இருக்கும், பின்னால் வராது என்பதை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டும். தாத்தா ஒருவர் கிண்ணத்தோடு பின்னால் போனாலும் கதை முடிந்தது. நான்கைந்து வயது வரை முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் எந்த இருக்கையிலும் வேண்டாம். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் தாத்தாவின் கடலைக் கிண்ணமும் பிள்ளையின் கைக்கு எட்டும் என்பதைச் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. தரையில் சாப்பிடும் வீட்டில் நடுவில் சோற்றுப் பானையும் குழம்பும் கொதிக்கும் ரசமும் இருக்கும். ஒரு வயதுப் பிள்ளையின் கை எட்டும் தூரத்தை நாம் எப்போதும் குறைத்தே எடை போடுகிறோம். சூடான பாத்திரங்களைப் பிள்ளை உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கம், பெரியவர் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் வைக்கும் பழக்கம் வராமல் தரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

## குட்டிப் பிளாஸ்டிக் நாற்காலி

உட்கார்ந்தால் கீச் என்று கத்துமே, அதுதான். முன்னால் ஒரு சின்னத் தட்டு வைத்த மாதிரியும் கிடைக்கிறது. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பாதம் தரையில் ஊன்றும், பாட்டி யாரையும் தூக்க வேண்டாம், பிள்ளையே வந்து உட்காரும். சாப்பிட்டு முடித்ததும் அப்படியே குழாயடிக்குக் கொண்டுபோய் ஒரு சொம்பு தண்ணீர்.

இத்தனை மலிவான பொருளுக்கு இத்தனை நல்ல குணமா என்று எனக்கே ஆச்சரியம். குறை என்னவென்றால் எடை இல்லாதது. பிள்ளை காலை உந்திப் பின்னால் சாய்ந்தால் நாற்காலியோடு மல்லாந்துவிடும். சுவரில் ஒட்டிப் போட்டால் அந்தக் கவலை பெருமளவு தீரும். கீச்சுச் சத்தம் பிடித்துப்போய்ச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் குதிக்கிற பிள்ளையும் உண்டு. மெத்தைக்கு அடியில் இருக்கும் ஊதியை மூத்தவளின் தாத்தா ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்தார். (எடுத்ததைப் பிள்ளை கண்ணில் படாமல் தூரப் போடுங்கள், வாய்க்குள் போகும் அளவு.) இரண்டரை வயதுக்குள் தொடை இடிக்கத் தொடங்கும். அதற்குள் போட்ட காசு வந்துவிடும்.

ஒன்றரை வயதுக்கு மேல், தரையில் சாப்பிடும் வீட்டில், என் முதல் தேர்வு இதுதான்.

## ஹை சேர்

இங்கேதான் காசும் இடமும் போகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சந்தையில் இருப்பவை மூன்று வகை.

முதல் வகை, மெத்தை, பெல்ட், சக்கரம், சாய்மானம் எல்லாம் வைத்து மடிக்கிற மாதிரி. மூவாயிரத்தை ஒட்டித் தொடங்கி மேலே போகும். கடையில் பார்க்க அரியாசனம்தான். மூத்தவளுக்கு இதைத்தான் வாங்கினோம். நாலாவது வாரம் மெத்தையுறையைக் கழற்றினேன். மடிப்புக்குள் காய்ந்த பருப்புச் சாதம், நெய், அதைத் தேடி வந்த எறும்பு வரிசை. பெல்ட் தையலில் ரசம் ஊறிப் புளித்த வாசனை. துணிபோல் துவைத்துக் காயப்போட ஒரு நாள் ஆகும், பிள்ளை ஒரு நாளைக்கு நாலைந்து முறை சாப்பிடும். இந்தக் கணக்கை எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை. சாய்மானமும் அப்படித்தான்: திட உணவுக்குச் சாய்த்து வைக்கவே கூடாது என்னும்போது, அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. மடித்தால் இடம் அடைக்காது என்பார்கள். தினமும் மடிப்பவர் யார்? எங்கள் ஹாலில் அது கடைசிவரை விரிந்தேதான் நின்றது.

இரண்டாவது வகை, மெத்தையே இல்லாத வெறும் பிளாஸ்டிக் இருக்கையும் இரும்புக் காலும். ஐகியாவின் அன்டிலோப் இதற்கு ஊரறிந்த உதாரணம், அதன் எடை வரம்பு 15 கிலோ. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை தாங்கும். ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். ஆனால் நாற்காலியோடு கால் பலகை வராது. நமது முதல் நிபந்தனையே போச்சு! அளந்து பொருத்தும் கால் பலகைகள் தனியாகக் கிடைக்கின்றன. அதையும் சேர்த்தே விலையைக் கணக்குப் போடுங்கள். வெள்ளைத் தட்டில் மஞ்சள் கறை ஏறும். தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்க வேண்டாம், கழுவிவிட்டு மொட்டைமாடி வெயிலில் ஒரு பகல் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளிறிவிடும்.

மூன்றாவது, இருக்கையையும் கால் பலகையையும் பிள்ளை வளர வளர இறக்கிக்கொள்ளும் மர நாற்காலி. நார்வேயில் பீட்டர் ஆப்ஸ்விக் 1972இல் வடிவமைத்த டிரிப் டிராப் இதன் மூத்த அண்ணன். நேராகக் குடும்பத்தின் மேசையோடு ஒட்டிக்கொள்ளும், பெரியவர் ஆனாலும் உட்காரலாம். காலுக்கு இதைவிடச் சரியான ஏற்பாடு கடையில் நான் பார்த்ததில்லை. விலை நம் ஊர்ச் சம்பளத்துக்கு மலை. இதே தத்துவத்தில் உள்ளூர்த் தச்சர் ஒருவர் செய்து கொடுத்ததைச் சொந்தக்காரர் வீட்டில் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, ஆனால் தொடையிடுக்குப் பட்டை இல்லை. அது இல்லாத நாற்காலியில் பிள்ளை இடுப்போடு கீழே வழுக்கி, கழுத்து தட்டில் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. தச்சரிடம் செய்யச் சொல்பவர்கள் அந்தப் பட்டையையும் அகலமான அடிக்காலையும் மறக்கக் கூடாது. கடையில் வாங்குபவர்கள் பெட்டியில் இ.என். 14988 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப் 404 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

எந்த வகையானாலும் இரண்டு கேள்வி. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அறுபத்தைந்து வயதுப் பாட்டி என்றால், 11 கிலோவைத் தூக்கி உயரத்தில் வைத்து, கால்களை ஓட்டைக்குள் நுழைத்து, அப்புறம் வெளியே எடுப்பது யார் முழங்காலில்? வீட்டார் தரையில் உட்கார்ந்திருக்க, பிள்ளை மட்டும் மேலே தனியாக இருந்தால், அது யாரைப் பார்த்துச் சாப்பிடும்? சுவரைத்தான். அப்புறம் செல்போனை.

மேசையில் உண்மையிலேயே உட்கார்ந்து சாப்பிடும் வீடு, இளம் அப்பா அம்மா, ஆறேழு மாதத்திலேயே தொடங்குகிறீர்கள், அப்போது ஹை சேர் சரி. இரண்டாவது வகையும் ஒரு கால் பலகையும் வாங்குங்கள். ஒன்றே முக்கால் வயதில் புதிதாக வாங்க நினைப்பவர்கள் அடுத்ததைப் படியுங்கள்.

## பூஸ்டர்

பெரியவர்களின் நாற்காலியில் பட்டையால் கட்டி வைக்கும் குட்டி இருக்கை. நம் மேசைகள் பொதுவாக 75 சென்டிமீட்டர் உயரம், நாற்காலி 45. இரண்டு வயதுப் பிள்ளையை அப்படியே உட்கார வைத்தால் மேசை விளிம்பு தோளுக்கு வரும். பூஸ்டர் அந்த இடைவெளியை நிரப்புகிறது, ஊருக்குப் போகும்போது கையில் எடுத்துக்கொண்டும் போகலாம்.

சிக்கல் பூஸ்டரில் இல்லை, அதன் அடியில் இருக்கும் நாற்காலியில் இருக்கிறது. கை வைத்த வார்ப்புப் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறதே, அதில் பட்டை வழுக்கும், நாற்காலிக்கும் கனம் கிடையாது. பிள்ளை இரு காலையும் மேசை விளிம்பில் வைத்து ஓர் உதை விட்டால் மூன்றும் சேர்ந்து பின்னால் போகும். கனமான மர நாற்காலி இருந்தால் மட்டும் பூஸ்டர். பாதத்துக்கு ஒரு முக்காலி வேண்டும். பிள்ளையை உட்கார வைத்து, பாதத்திலிருந்து தரைவரை டேப் பிடித்து அளந்து, அந்த உயரத்தில் ஒன்றைத் தேடுங்கள். எங்கள் வீட்டில் பழைய மாவரைக்கும் முக்காலி கச்சிதமாகப் பொருந்தியது.

மேசை விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் இருக்கை ஒன்றும் இருக்கிறது. கண்ணாடி மேசையிலும் நடுவில் ஒற்றைக் கால் வைத்த மேசையிலும் மாட்டவே கூடாது, அடியில் மேசைவிரிப்பும் இருக்கக் கூடாது. நம் வீடுகளில் இந்த மூன்றும் இல்லாத மேசையைத் தேடுவதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும்.

## வாக்கரும் ஊஞ்சலும்

இருக்கை, தட்டு இரண்டும் இருக்கிறதே என்று வாக்கரில் வைத்து ஊட்டுகிறார்கள். வேண்டாம். அது நகரும், பாதம் சரியாக ஊன்றாது, படிக்கட்டு இருக்கும் வீட்டில் உயிருக்கே ஆபத்து. கனடா 2004இல் வாக்கர் விற்பனையையே தடை செய்துவிட்டது. ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டே ஊட்டுவதும் புரையேறுவதற்கான அழைப்புதான்.

## எதை எடுத்தாலும்

பிள்ளை கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும், பெல்ட் இருந்தால் ஒவ்வொரு முறையும் மாட்ட வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அதற்குள் சாப்பிட்டதுதான் அந்த வேளைச் சாப்பாடு. புது இருக்கைக்கு ஒரு வாரம் கொடுங்கள். இரண்டாம் நாளே "இவனுக்குப் பிடிக்கலை" என்று பரணில் ஏற்றிய ஹை சேர்கள் இந்த ஊரில் எத்தனையோ. பழையது வாங்கினால் பெல்ட் கொக்கி இறுகப் பூட்டுகிறதா, கால்கள் ஆடுகின்றனவா என்று விற்பவர் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

தங்கை மறுநாள் டேப்பும் கையுமாக மேசையை அளக்கப் போனாள். அளப்பதற்கு முன் அதன்மேல் இருந்த துணியை எடுத்து வைக்க வேண்டியிருந்ததாம். போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். பையன் சுவரோரம் பாயில், எதிரே மாமியாரின் கல்யாண மணை, அதன்மேல் எவர்சில்வர் தட்டு, முகமெல்லாம் பருப்பு. ஆன்லைன் கூடையில் போட்ட ஹை சேரை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. விலை குறையுதான்னு பார்க்கிறேன் அக்கா, என்கிறாள்.